1412-ஆம் எண்ணின் கறுப்புப் புள்ளி

ஜனவரி மாதத்து வியாழக்கிழமை. ஸெலிக் ஒஸ்த்ரோவரும் அவர் மகள் திர்ஸாவும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து அவர் புத்தகத்தின் அடுத்த அச்சுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தார்கள். அவள் எண்ணையும் தேதியையும் வாசிக்க வேண்டும். அவர் தன் அட்டையோடு ஒப்பிட்டு டிக் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. வேறு யாரோடு உட்கார்ந்திருந்தாலும் மதியத்துக்குள் முடிந்திருக்கும்.

"எண்ணூத்தி அறுபது. ஜூன் பதிமூணு, எழுபத்தொண்ணு."

"ஆ! தையல்காரர் மகன் கல்யாணம். மாட்டு நாக்கைத் தீய விட்டுட்டான் அந்தச் சமையல்காரன், நான் ஓடிப் போய்..."

"அப்பா. சரியா, தப்பா?"

"சரி. ஆனா தீஞ்சது."

"எண்ணூத்தி அறுபத்தொண்ணு."

"பொண்ணோட அண்ணன் பேசவே இல்ல அன்னிக்கு."

"அப்பா!"

"சரி, சரி. டிக். உன் லிஃப்ட் ஆபீஸ்ல எல்லாரும் இப்படித்தான் பேசுவீங்களா? எப்படி அங்க வேலை பார்க்கற?"

திர்ஸா மேரிலாண்ட் மாநிலத்தின் லிஃப்ட் பரிசோதகர். பால்டிமோரில் எந்தக் கட்டடத்தின் லிஃப்டிலும் உள்ளே ஒட்டியிருக்கும் சான்றிதழில் அவள் கையெழுத்து இருக்கலாம். கம்பி எத்தனை, தேய்மானம் எத்தனை, பிரேக் எத்தனை நொடி. கேட்டால் எண் வரும், கதை வராது. அவள் அப்பாவிடம் எண் கேட்டால் கல்யாணமே வரும்.

அவர் புத்தகம் அப்படிப்பட்டது. பால்டிமோர் யூதத் திருமணங்களில் அச்சடிக்கப்பட்ட பென்ச்சர்களின் நூற்பட்டியல். பென்ச்சர் என்பது சாப்பிட்டு முடித்ததும் சொல்லும் நன்றி ஜெபம் உள்ள சின்னப் புத்தகம். உள்ளங்கை அளவு இருக்கும். அட்டையில் பெண், மாப்பிள்ளை பேரும் தேதியும் பொன்னெழுத்தில். விருந்து மேசையில் ஆளுக்கொன்று வைப்பார்கள். ஜெபம் சொன்னதும் பாதிப்பேர் பையில் போட்டுக்கொண்டு போவார்கள், மீதிப்பேர் குழம்புக் கையோடு அங்கேயே விட்டுவிடுவார்கள்.

விட்டதையெல்லாம் எடுத்தவர் ஸெலிக்.

அவர் படித்தவர் இல்லை. போர் முடிந்த மறு வருஷம் ஜெர்மனியில் ஓர் அகதி முகாமில் பிறந்தார். மூன்று வயதில் கப்பலில் வந்து இறங்கினார். இருபத்திரண்டு வயதிலிருந்து கல்யாண மண்டபங்களில் கோஷர் என்னும் யூத உணவு விதிகளுக்கு மேற்பார்வையாளர். முட்டை ஒவ்வொன்றையும் கண்ணாடித் தம்ளரில் உடைத்து ரத்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பார். கீரையை இலை இலையாக விளக்கில் பிடித்துப் பூச்சி தேடுவார். அடுப்பை அவர்தான் பற்ற வைக்க வேண்டும். சமையல்காரர்கள் அவருக்கு வைத்த பேர் 'தாமதம்'. "தாமதம் வந்தாச்சு, இனி பத்து மணிக்குத்தான் சூப்பு" என்பார்கள்.

கடவுளின் பேர் அச்சிட்ட தாளைக் குப்பையில் போடக் கூடாது. மேசையில் மிஞ்சிய பென்ச்சர்களை அவர் வீட்டுக்கு எடுத்து வருவார். ஜெபக்கூடத்து வாசலில் ஒரு பெட்டி உண்டு. கிழிந்த, பழசான புனிதத் தாள்கள் அதில் சேரும். நிறைந்ததும் இடுகாட்டில் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். அந்தப் பெட்டிக்குப் போக வேண்டியவை வழியில் இவர் வீட்டில் தங்கின. சட்டைப் பெட்டியில் தங்கின. கட்டிலுக்கடியில் தங்கின. குளியல் தொட்டியிலும் ஒரு பாஸ்கா பண்டிகை முழுக்கத் தங்கின.

அவர் மனைவி மல்கா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்: "மத்தவங்க புருஷன் சட்டையில சென்ட் வாசனை இருக்கான்னு பார்ப்பாங்க. என் புருஷன் சட்டைப் பையில பார்த்தா அடுத்தவன் கல்யாணம் இருக்கும். எது மேல்னு நீங்களே சொல்லுங்க."

மொத்தம் மூவாயிரத்து நூற்றாறு. அட்டை அட்டையாக எழுதினார். எந்த அச்சகம், எத்தனை பக்கம், எந்தப் பாட்டுகள், அட்டை என்ன நிறம். இரண்டே குறிகள். கறுப்புப் புள்ளி போட்டால், அந்தக் கல்யாணத்தில் அந்த மேசையிலிருந்து தன் கையால் எடுத்தது. வெள்ளை வட்டம் போட்டால் வேறு வழியாக வந்தது. யார் வழியாக என்று பேர் இருக்கும்.

நூலகர்கள் கூடும் மாநாட்டுக்கு ஒருமுறை போனார். சொந்த சாண்ட்விச்சோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பேராசிரியர் தன் பட்டியலைப் பற்றிப் பேசி முடித்ததும் எழுந்து, "அந்தப் பதினேழாவது புத்தகத்தை நீங்க பார்த்தீங்களா, கேள்விப்பட்டீங்களா?" என்று கேட்டார். பேராசிரியர் தண்ணீர் குடித்தார். அதன் பிறகு ஸெலிக் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் பேசுகிறவர்கள் முதலில் கடைசி வரிசையைப் பார்ப்பார்கள்.

அட்டைகளையெல்லாம் கணினியில் ஏற்றியவள் திர்ஸா. இரண்டு குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. அட்டையில் முதலில் எபிரேயத் தேதி மட்டும்தான் இருந்தது. அதை ஆங்கிலத் தேதியாக மாற்ற ஒரு நிரல் எழுதினாள்; அது தந்த தேதியை அவர் அட்டையில் குறித்துக்கொண்டார். யூதர்களுக்கு நாள் சூரியன் மறையும்போதே பிறந்துவிடுகிறது. அதனால் மாலைக் கல்யாணம் என்றால் ஒரு நாளைக் கழிக்க வேண்டும். அதற்கு ஒரு கட்டம் வைத்திருந்தாள். அவர் டிக் போட்டால் நிரல் கழித்துக்கொள்ளும். அவர் டிக் போட்டார், பெரும்பாலும்.

புத்தகம் வந்தது. அதே ஜனவரியில், அந்த வியாழனுக்கு இரண்டு நாள் முன்பு, யூத நூலகர் சங்கத்தின் நடுவர் குழுத் தலைவர் டாக்டர் வெக்ஸ்லர் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்த ஆண்டின் சிறந்த நூற்பட்டியல் விருது ஸெலிக்குக்கு. ஜூன் மாநாட்டில் தருவார்கள். பாராட்டுரையிலிருந்து ஒரு வரியை வாசித்தும் காட்டினார்: கறுப்புப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு சாட்சியின் கையெழுத்து.

மல்கா கேக் செய்தாள். ஸெலிக் கேக்கைத் தொடவில்லை. "சாட்சின்னா சொன்னார்?" என்று இரண்டு முறை கேட்டார்.

கேக்கைத் தொடாததன் காரணம் வியாழக்கிழமைதான் திர்ஸாவுக்குத் தெரிந்தது.

"ஆயிரத்தி நானூத்திப் பன்னெண்டு. டிசம்பர் பதினொண்ணு, எழுபத்தெட்டு. கறுப்புப் புள்ளி."

டிக் இல்லை, கதையும் இல்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் வெண்ணெய்க் கிண்ணத்துக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். திங்கட்கிழமை வந்தது.

'திரு. ஒஸ்த்ரோவர் அவர்களுக்கு. உங்கள் புத்தகத்தில் 1412-ஆம் எண்ணில் என் பெயர் இருக்கிறது. அந்தத் திருமணம் நடக்கவில்லை. அன்று காலையே நின்றுவிட்டது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். யோகெவெத் டானென், பிறந்த வீட்டுப் பெயர் ஃபைகன்பிளாட்.'

முகவரி மூன்று தெரு தள்ளி.

"நடக்கலேங்கறா," என்றார் ஸெலிக். "நான் அங்க இருந்தேன்."

"இருந்தீங்களா?"

"கறுப்புப் புள்ளி போட்டிருக்கேன்ல?"

"இருந்ததால புள்ளி போட்டீங்களா, புள்ளி போட்டதால இருந்தீங்களா?"

அவர் எழுந்து போய்ப் பழைய டைரியைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வாரத்து மண்டப வேலையையும் முன்கூட்டியே எழுதிவைக்கும் டைரி. எல்லாம் எபிரேயத் தேதிதான். கிஸ்லேவ் மாதம் பத்து: 'பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம்.' கிஸ்லேவ் பதினொன்று: 'ஃபைகன்பிளாட், 280 தட்டு.'

"பாரு. பத்தாம் தேதி நீ பொறந்த. பதினொண்ணாம் தேதி நான் வேலைக்குப் போனேன்."

திர்ஸா அந்த இரண்டு வரிகளையும் பார்த்தாள். அவள் பிறந்தது டிசம்பர் பத்து, ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று பத்துக்கு. ஆஸ்பத்திரிச் சான்றிதழில் இருக்கிறது. டிசம்பரில் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும்.

"அப்பா, கல்யாணம் எத்தனை மணிக்கு?"

"எல்லாக் கல்யாணமும் போல. ஆறு மணிக்கு."

"அப்ப கிஸ்லேவ் பதினொண்ணு ஆறு மணின்னா எந்தச் சாயங்காலம்?"

அவர் டைரியைத் தன் பக்கம் இழுத்தார்.

"அதே ஞாயித்துக்கிழமை சாயங்காலம்பா. ரெண்டு வரியும் ஒரே நாள். நீங்க மண்டபத்துல இல்ல. அம்மா பக்கத்துல இருந்தீங்க."

உள்ளேயிருந்து மல்காவின் குரல் வந்தது: "இருந்தான், இருந்தான். நர்ஸ் கிட்டப் போய்ப் பால் புட்டியைக் கொதிக்க வச்சீங்களான்னு விசாரிச்சுக்கிட்டிருந்தான்."

அன்று அவருக்குப் பதிலாக வேறொருவர் போயிருக்கிறார். போன இடத்தில் கல்யாணம் இல்லை. ஊருக்கே தெரிந்த விஷயம். ஆனால் அடுத்தவர் குடும்பத்தைப் பற்றிப் பேசுவது பாவம் என்பார் ஸெலிக், அவரிடம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். திறந்தால் எழுந்து போய்விடுவார். ஊர்வம்பு கேட்காத மனிதர் என்று பேரெடுத்து, நடக்காத கல்யாணம் ஒன்றை நாற்பத்தைந்து வருஷமாக நடந்ததாக வைத்திருந்தார்.

"அப்ப அந்தப் பென்ச்சர் எங்க கெடச்சுது?"

"பெட்டியில," என்றார் தணிந்த குரலில். "புதைக்கிற பெட்டியில. கட்டோட இருந்துது. ஒண்ணு மட்டும் எடுத்தேன்." உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். வெள்ளை அட்டை, நீல எழுத்து. மடிப்புக் கலையவில்லை. "ஒயின் கறை இல்ல பாரு. குழம்புக் கறை இல்ல. கறை இல்லாத பென்ச்சர் உலகத்துல உண்டா? அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும்."

"எனக்கும்தான். அந்தக் கட்டத்துல டிக் இல்லாததை நானும் கவனிக்காம விட்டிருக்கேன்." அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. "சரி, விடுங்க. மூவாயிரத்துல ஒண்ணு."

"மூவாயிரம் லிஃப்ட்ல ஒண்ணு விழுந்தா விட்டுடுவியா?"

"இதுல யாரும் சாகமாட்டாங்க!"

"திருத்தம் போடணும்." அவர் பென்சிலை எடுத்தார். "நாப்பத்திரெண்டாவது திருத்தம். 1412: வழங்கப்படவில்லை. திருமணம் நடக்கவில்லை."

திர்ஸா பென்சிலைப் பிடுங்கினாள். "பைத்தியமாப்பா உங்களுக்கு? அந்தம்மா பேரை எடுக்கச் சொல்றாங்க. நீங்க அவங்க கல்யாணம் நின்னு போச்சுன்னு அச்சடிச்சு எல்லா லைப்ரரிக்கும் அனுப்பப் போறீங்களா? தப்பே தேவலை!"

"தப்பு எப்பவும் தேவலையாத்தான் இருக்கும்."

"அப்ப எண்ணையே எடுத்துடுங்க."

"எப்படி எடுக்கறது? கல்யாணம்தான் இல்ல. புத்தகம் இருக்கே!" மேசையில் தட்டினார். "அவங்க என்னைச் சாட்சின்னு கூப்பிட்டுட்டாங்க திர்ஸா. சாட்சி பொய் சொல்லலாமா?"

ஒரு மணி நேரம் கத்தினார்கள். மல்கா இரண்டு தடவை வந்து அடுப்பைக் குறைத்துவிட்டுப் போனாள். கடைசியில் ஸெலிக் பென்சிலைத் திரும்ப வாங்கி, திருத்தத் தாளின் அடியில் '42. 1412:' என்று மட்டும் எழுதி, அதன் பக்கத்தில் வெறுமையாக விட்டார்.

"அவ வீட்டுக்குப் போறேன். மொதல்ல மன்னிப்புக் கேக்கறேன். அப்புறம் என்ன எழுதலாம்னு அவளையே கேக்கறேன்."

"இப்பவே போங்க. மூணு தெருதான்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. சபத் சமையல் வச்சுக்கிட்டு இன்னிக்கே அவ அல்லாடிக்கிட்டிருப்பா. ஞாயித்துக்கிழமை போறேன்."

குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த துண்டுத் தாளில் எழுதினார்: ஒன்று, ஊறவைத்த மீன். இரண்டு, மிஸஸ் டானென், கேட்க. மூன்று, 1412, பெட்டியில் திரும்பப் போட.

வெள்ளிக்கிழமை மீன் வாங்கி முதல் வரியை அடித்தார். சனிக்கிழமை, சபத் என்னும் ஓய்வு நாளில், மதியம் சாப்பிட்டு, ஜெபம் சொல்லி, படுத்தார். எழுந்திருக்கவில்லை.

ஏழு நாள் துக்கம். திர்ஸாவும் மல்காவும் தாழ்ந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் நூடுல்ஸ் பாத்திரம் கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு பென்ச்சரும். "அவர்கிட்ட இது இருக்கான்னு தெரியல." மூன்றாம் நாள் எண்பது சேர்ந்துவிட்டது. மல்கா பார்த்துவிட்டு, "செத்தும் சேர்க்கறான்," என்றாள்.

நாலாம் நாள் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்து எதிரே உட்கார்ந்தாள். துக்க வீட்டில், துக்கத்தில் இருப்பவர் முதலில் பேசாமல் வந்தவர் பேசக் கூடாது. திர்ஸா அப்போது தொலைபேசியில் இருந்தாள். டாக்டர் வெக்ஸ்லர், விருது உண்டு, அதில் மாற்றமில்லை, ஆனால் விருந்து மேசைக்கு அவர்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பல்லைக் கடித்தபடி பதில் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் எழுந்தாள். வழக்கமான ஆறுதல் வாக்கியத்தைச் சொன்னாள். போய்விட்டாள்.

"யாரும்மா அது?"

"டானென் வீட்டம்மா. பத்து நிமிஷம் உன் வாயையே பார்த்துக்கிட்டிருந்தா."

திர்ஸா எழுந்து ஓடியிருக்கலாம். துக்கம் காப்பவர்கள் வாசல் தாண்டக் கூடாது.

ஜூன் மாநாட்டுக்குப் போனாள். ஓட்டல் அரங்கில் இருநூறு நூலகர்கள். கண்ணாடிப் பலகை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அப்பா புத்தகத்தைவிடக் கனம். வெக்ஸ்லர் சாட்சி வரியை மறுபடி வாசித்தார். அவள் மைக்கில் இரண்டு வாக்கியம் பேசினாள். "1412-ஆம் எண்ணின் கறுப்புப் புள்ளி தவறு. அது என் தந்தைக்குத் தெரியும்." எழுந்து நின்று கைதட்டினார்கள். "என்ன பணிவு, என்ன பணிவு," என்றார் வெக்ஸ்லர் கண்ணைத் துடைத்தபடி. அவளுக்குக் கண்ணாடிப் பலகையைக் கடிக்க வேண்டும் போலிருந்தது.

மிஸஸ் டானென் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. நாலு கடிதம் எழுதிக் கிழித்தாள். இரண்டு முறை அந்தத் தெருவில் கார் ஓட்டிப் போய்த் திரும்பினாள். எந்தக் கட்டடக்காரனாவது ஒரு பழுதை எட்டு மாதம் இப்படி ஒத்திப் போட்டிருந்தால் லிஃப்டுக்கு சீல் வைத்திருப்பாள்.

செப்டம்பரில் பதிப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டாம் அச்சு. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தங்கள் வேண்டும். 42-இல் ஏதோ விட்டுப்போயிருக்கிறதே?

யூதப் புத்தாண்டுக்கும் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூருக்கும் நடுவிலுள்ள நாட்கள். ஊரே ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரிந்தது. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து, பென்ச்சரை ஒரு சாண்ட்விச் உறையில் போட்டுக்கொண்டு, போய் மணியை அழுத்தினாள்.

மிஸஸ் டானென் கையில் மாவோடு கதவைத் திறந்தாள். இந்த முறையும் திர்ஸாதான் முதலில் பேச வேண்டியிருந்தது.

"அப்பா வந்து கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு. நான் கேக்கறேன். எட்டு மாசம் லேட்டு, அதுக்கும் சேர்த்து."

"உள்ள வாம்மா. கதவைச் சாத்து, ஈ வருது." உட்காரவைத்தாள். கை மாவைக் கழுவினாள். திரும்பி நின்று பொரிந்தாள். "பத்து நிமிஷம் உக்காந்திருந்தேன்! நீ போன்ல மேசை, நாற்காலின்னு கணக்குச் சொல்லிக்கிட்டிருக்க. நான் வாயைத் திறக்கவும் முடியாது, எழுந்து போகவும் மனசில்ல. என் கடிதம் திங்கக்கிழமை போச்சு, அவர் சனிக்கிழமை போயிட்டார். எட்டு மாசமா நான்தான் கொன்னேன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். உனக்கென்ன, லேட்டுங்கற!"

திர்ஸாவுக்கு இது தோன்றவே இல்லை. ஒரு தடவைகூட.

"அவருக்கு இதயத்துல ரெண்டு குழாய் அடைப்பு," என்றாள். "பதினொரு வருஷமா இருந்துது. டாக்டர் எழுதின காகிதம் காட்டறேன். உங்க கடிதம் இல்ல. அது வந்தப்ப அவர் செத்துப் போகல, சண்டைதான் போட்டார்."

மிஸஸ் டானென் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"என் புருஷனுக்கு எல்லாம் தெரியும். பிள்ளைங்களுக்குத் தெரியாது. மருமக பள்ளிக்கூட லைப்ரரியில இருக்கா, இந்தப் புத்தகம் அங்க வந்திருக்கு. அதான் எழுதினேன். அவர் என்ன பண்றதா இருந்தார்?"

"திருமணம் நடக்கவில்லைன்னு அச்சடிக்கறதா."

"மனுஷனா அவர்!" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். "எங்க, குடு அதை."

உறையிலிருந்து எடுத்து அட்டையைப் பார்த்தாள். அந்தப் பேரை விரலால் தொடவில்லை. ஜன்னல் பக்கம் சாய்த்து அச்சைப் பார்த்தாள். "நல்லாத்தான் போட்டிருக்கான். முந்நூறு அடிச்சோம். எங்கப்பா கட்டோட கொண்டுபோய்ப் பெட்டியில போட்டார். புள்ளி தவிர அந்த இன்னொரு குறி என்ன? வட்டமா?"

"வெள்ளை வட்டம். வேற வழியா வந்ததுன்னு அர்த்தம். யார் குடுத்தாங்கன்னு பேர் போடணும்."

"கல்யாணம் நடந்துதா இல்லையான்னு அதுல இருக்குமா?"

"இருக்காது. ஆனா இதை நீங்க குடுக்கலையே. பெட்டியிலேர்ந்து..."

"உங்கப்பா பொண்ணுதான் நீ." மிஸஸ் டானென் எழுந்து நின்றாள். பென்ச்சரை மேசையிலிருந்து ஒரு சாண் தூக்கினாள். யூதச் சட்டப்படி உரிமையாளர் இல்லாத ஒரு பொருளைத் தூக்கினால் அது தூக்கினவருடையது. "இப்ப இது என்னுது. சரியா? எங்கப்பா அடிச்சது, எனக்குத்தான் சேரும்." அதைத் திர்ஸாவின் கையில் வைத்தாள். "இப்ப நான் உனக்குக் குடுத்துட்டேன். எழுதிக்கோ. யோகெவெத் டானென் வழியாக. பிறந்த வீட்டுப் பேர் வேண்டாம். யாராவது கேட்டா, ஒரு பழைய சிநேகிதியோடதுன்னு சொல்லிக்கறேன்."

"அது பொய்யில்லையா?"

"இல்லம்மா," என்றாள். "அந்தப் பொண்ணை எனக்கு நல்லாத் தெரியும்."

வாசலில் பிடித்து நிறுத்தி, "மன்னிச்சாச்சு. அவரையும்," என்றாள். "எழுதி முடிச்சதும் அதைப் பெட்டியில போட்டுடு. எங்கப்பா போட்ட எடத்துல."

அன்று மாலையே திர்ஸா அனுப்பினாள். '42. 1412: கறுப்புப் புள்ளிக்குப் பதில் வெள்ளை வட்டம். யோகெவெத் டானென் வழியாக.' தேதியிலும் ஒரு நாளைக் கழித்தாள்.

புதன்கிழமை காலை ஜெபக்கூடத்துக்குப் போனாள். வாசலில் பெட்டி மூடி மேலே எழும்பி நின்றது. பள்ளிக்கூட நோட்டுகள், பழைய காலண்டர், யாரோ ஒருவருடைய ஒலிநாடாக்கள். மேலே குறுக்காக டேப் ஒட்டி, கொட்டை எழுத்தில் அறிவிப்பு: 'நிரம்பிவிட்டது. பண்டிகைகள் முடியும் வரை எதுவும் போடாதீர்கள். தரையிலும் வைக்காதீர்கள். உங்களைத்தான் சொல்கிறோம்.'

ஓரத்தில் ஓர் இடைவெளி இருந்தது. உள்ளங்கை அளவுப் புத்தகம் செருகினால் போகும். அவள் அறிவிப்பை இன்னொரு முறை வாசித்தாள். அப்பாவாக இருந்தால் யாரைக் கூப்பிட்டு எத்தனை நேரம் கத்தியிருப்பார் என்று தெரியும். பென்ச்சரின் பின்னட்டை மூலையில் பென்சிலில் அவர் கையெழுத்து, 1412.

உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மல்கா வீட்டுக் குளிர்பெட்டியில் துண்டுத் தாள் அப்படியே இருந்தது. இரண்டாம் வரியை அடித்தாள். மூன்றாம் வரி இருக்கிறது.